சூடம் அணைத்து வாங்கும் ஓட்டு: அந்தச் சத்தியம் யாரைக் கட்டும்?

சித்திரைவெயில்:

தேர்தல் சூடு ஆறட்டும் என்றுதான் இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சூட்டோடு எழுதினால் "எந்தக் கட்சி?" என்பதைத் தாண்டி ஒருவரும் பேச மாட்டீர்கள். கட்சிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்டும் பயனில்லை.

ஓட்டுக்குப் பணம் நமக்குப் பழகிப்போன சங்கதி. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலோடு அதற்கு 'ஃபார்முலா' என்று பட்டமே கிடைத்துவிட்டது. 2016 இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலை ஒத்தி வைத்தார்கள், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் நின்றது, 2019 இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தானது. இதெல்லாம் ஊரறிந்த கதை. எனக்கு உறுத்துவது பணத்தோடு கூடவே வரும் சத்தியம். கவரைக் கொடுத்த கையோடு தட்டில் சூடத்தைக் கொளுத்தி நீட்டி, "இதை அணைச்சு நம்ம சின்னத்துக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா" என்கிறார்கள்.

எங்கள் சித்தி அப்படி அணைத்தவர். செவ்வாய், வெள்ளி விளக்கேற்றத் தவறாதவர், ஆடியில் கூழ் ஊற்றுகிறவர். தெருவுக்குச் சாக்கடை வரவைக்க நடையாய் நடந்த இன்னொரு வேட்பாளர் மேல்தான் அவருக்கு மனசு. ஆனாலும் கடைசியில் பணம் கொடுத்தவர் சின்னத்தில்தான் அழுத்திவிட்டு வந்தார். கேட்டால், "வாய் விட்டுச் சொல்லிட்டேன்டா, மாரியாத்தா கேட்டுக்கிட்டுத்தான இருந்தா" என்கிறார்.

நானும் சாமி கும்பிடுகிறவன்தான். என் கருத்து, அந்தச் சத்தியம் சித்தியைக் கட்டாது, சாமியை அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவனைத்தான் கட்டும். அவரவர் மதப்படி, அவரவர் மனசுப்படி என்ன சொல்வீர்கள்? நம்பிக்கை இல்லாதவர்களும் வரலாம். "சாமியே இல்லை, அப்புறம் என்ன சத்தியம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகாமல் இருந்தால் சரி.

மிளகாய்ப்பொடி:

சூடம் வாங்கின செலவு வேட்பாளர் கணக்கில் வருமா?

கோர்ட்டுவாசல்:

சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் உச்சவரம்பு. சூட டப்பாவுக்கு அதில் இடம் இருக்கும், கவருக்குத்தான் இருக்காது.

கறுப்புச்சட்டை:

சரி தோழர், ஒரே வரியில் முடிக்கவில்லை. எனக்குச் சாமி கிடையாது, ஆனால் சொன்ன சொல் உண்டு, அதைக் காப்பாற்றணும் என்பதும் உண்டு. அதனால் உங்கள் கேள்வி எனக்கும் கேள்விதான். நான் பார்க்கிற விதம் வேறு. வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் அணைத்துவிட்டார், நீங்கள் மாட்டேன் என்றால் நாளைக்கு ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் எதற்குப் போனாலும் இதே ஆள்தான் நடுவில் நிற்பான். அந்த நிலையில் வாயிலிருந்து வருவது வாக்குறுதி ஆகாது, தப்பிக்கச் சொன்ன பேச்சு. வழிப்பறிக்காரனிடம் "போலீசுக்குப் போக மாட்டேன்" என்று சொன்னவர் அப்புறம் போலீசுக்குப் போனால் யாராவது வாக்குத் தவறியவர் என்பார்களா?

ஆகவே பணத்தை வாங்கு, ஓட்டைப் பிடித்தவருக்குப் போடு. இதை மேடையிலேயே எத்தனையோ தலைவர்கள் சொல்லியாயிற்று. உங்கள் சித்தி அதைக் காதில் வாங்காமல் மாரியாத்தாவைக் காதில் வாங்கினார், எனக்கு அந்த இடத்தில்தான் வருத்தம்.

பழையபூத்ஏஜென்ட்:

அப்பா கட்சியில் கிளைப் பொறுப்பில் இருந்தவர். சின்ன வயசிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன், வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது.

வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கையில் கொடுப்பார்கள். வீட்டு வாசலில் நின்று முதலில் கேட்பது, "எத்தனை ஓட்டு?" வெளியூரில் இருக்கிற பிள்ளை ஓட்டுப் போட வருவானா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவன் பங்கும் கவரில் ஏறும். பட்டியலில் பென்சிலால் மட்டும்தான் குறி. "பார்க்கலாம்" என்றால் ஒரு கோடு, "போட்டுடுறோம்" என்றால் ஒரு புள்ளி, சூடம் அணைத்தால்தான் டிக். அந்த டிக்கை எண்ணித்தான் மேலே கணக்குப் போகும்.

சூடம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டு ரகசியம். இயந்திரத்தில் அழுத்தினால் ஒப்புகைச்சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குள் தெரியும், அப்புறம் பெட்டியில் விழுந்துவிடும். உள்ளே யார் எதில் அழுத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. பூத் வாரியாக மொத்த எண்ணிக்கை பின்னால் வரும், அதை வைத்து "இந்தத் தெரு ஏமாத்திடுச்சு" என்று சொல்லலாம், ஆளைச் சொல்ல முடியாது. அதாவது காசை இறைத்த கட்சிக்கு அந்த மறைப்புக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மனுஷன் யாரும் உள்ளே போக முடியாது, அதனால் சாமியை அனுப்புகிறோம். இவ்வளவுதான் விஷயம்.

சித்திரைவெயில்:

அண்ணே, கடைசி இரண்டு வரி போதும். நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்ததை நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள். குலதெய்வத்துக்கு பூத்தில் வேவு பார்க்கிற உத்தியோகம்! ஊர் எல்லையைக் காக்கிற சாமி என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது போய், இப்போது 500 ரூபாய்க்கு ஜாமீன் நிற்கிற சாமி. யாராவது சினிமாவில் சாமியைக் கிண்டல் செய்தால் தியேட்டர் வாசலில் கூடுகிற பக்தர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவராவது இந்தச் சூடத்தட்டுக்கு எதிராக ஒரு நோட்டீஸ் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

கறுப்புச்சட்டை தோழருக்கு ஒரு பதில் பாக்கி. "வாங்கிக்கொள், மாற்றிப் போடு" என்பதை நான் ஏற்கவில்லை. மிரட்டலால் வாங்குகிறவருக்கு அந்த நியாயம் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் மிரட்டல் எதுவும் இல்லாத வீடுகளிலும் "நம்ம வரிப்பணம்தானே" என்று சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள், வரவில்லை என்றால் "எங்க தெருவுக்கு ஏன் தரல" என்று போய்ச் சண்டை போடுகிறார்கள். அங்கே ஏமாற்றுகிறவன் இரண்டு பக்கமும் இருக்கிறான்.

நங்காஞ்சிக்கரை:

2016 மே மாதம் ஊரே ஓட்டுப் போட்டபோது நாங்கள் வேடிக்கை பார்த்தோம், அந்த அரவக்குறிச்சித் தொகுதிக்காரன் நான். எங்களுக்கு நவம்பரில்தான் தேர்தல். "காசு வாங்குற தொகுதி" என்று கேலி கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறது, அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம் உண்டு.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ரொம்பத் தெளிவான வழி இருக்கிறது. லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இரண்டு பேர் மேலும் நபிகளாரின் சாபம் என்று ஹதீஸ், ஆகவே கவரே ஹராம். அடுத்து, ஒன்றுக்காக ஆணையிட்டுவிட்டு அதைவிட நல்லது வேறு இருப்பதைக் கண்டால் நல்லதைச் செய்யணும், ஆணையை முறித்ததற்குப் பரிகாரம் கொடுக்கணும். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு அல்லது உடை, வசதி இல்லாதவர் மூன்று நாள் நோன்பு. ஆணையைக் காப்பாற்றுகிறேன் என்று தப்பைச் செய்ய அனுமதி கிடையாது. சித்திரைவெயில் அண்ணனின் சித்தி எங்கள் தெருவில் இருந்திருந்தால் பள்ளிவாசல் ஹஸ்ரத் அவரிடம் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் ஒன்று, இதை ஜுமுஆ பயானில், அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகைச் சொற்பொழிவில், தேர்தலுக்கு முன்னால் சொல்லணும். முடிந்த பிறகு சொன்னால் யாருக்கு உபயோகம்? ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு கட்சிக்காரர்களும் நிர்வாகத்தில் இருக்கிறார்கள், பேச்சு எடுக்கும்போதே தலைப்பு மாறிவிடும்.

ஜெபமாலை:

பாய் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஏரோது ஞாபகம்தான் வந்தது. பிறந்தநாள் விருந்தில் அந்தப் பெண் ஆடியதைப் பார்த்து மயங்கி, எது கேட்டாலும் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் ஆணையிட்டான். அவள் கேட்டது திருமுழுக்கு யோவானின் தலையை. அவனுக்கு வருத்தம்தான், ஆனாலும் விருந்தாளிகள் முன்னால் போட்ட ஆணையாச்சே என்று கொடுத்துவிட்டான். ஒருவரும் அவனை வாக்குத் தவறாதவன் என்று புகழவில்லை, கொலைகாரன் என்றுதான் இன்றைக்கும் கோயிலில் வாசிக்கிறோம். ஆணையைக் காப்பாற்றுவது எப்போதும் புண்ணியம் ஆகிவிடாது. இயேசு சத்தியமே செய்ய வேண்டாம் என்றார், ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. இதுதான் எங்களுக்குச் சொன்னது, நாங்கள் பைபிள் மேல் கை வைத்து கவர் வாங்குகிறோம்.

ஒப்புரவுக்கு, அதாவது பாவ அறிக்கைக்குப் போகிறவர்கள் சத்தியம் செய்ததைச் சொல்லணும், மீறியதைச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பங்குச் சாமியார் யாராவது படித்தால் திருத்தட்டும்.

சித்திரைவெயில்:

இதே மாதிரி எங்கள் பக்கத்திலும் உண்டு. நம் ஆட்கள் பீஷ்மரின் சபதத்தைத்தான் பெருமையாகப் பேசுவார்கள், சபதத்தைக் கட்டிக்கொண்டு அவர் கடைசியில் யார் பக்கம் நின்று சண்டை போட்டார் என்பதைப் பேச மாட்டார்கள். அதே களத்தில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கண்ணன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தேரிலிருந்து குதித்தார். சாமியே தன் வார்த்தையைவிடத் தன்னை நம்பினவன் உயிரைப் பெரிதாக நினைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் சித்தி. அந்தச் சாமி 500 ரூபாய்க்காகக் கண்ணைக் குத்தும் என்று அவரை நம்ப வைத்தது யார்?

சித்தி வைக்கிற இன்னொரு நியாயம், உப்பிட்டவரை நினைக்கணும் என்பது. கர்ணன் நின்றானே என்பார். கர்ணனுக்குத் துரியோதனன் கொடுத்தது அவனுடைய சொந்த நாடு. இவர்கள் இட்ட உப்பு யார் வீட்டு உப்பு? மணல் லாரி எண்ணின காசு, டெண்டரில் கழித்த காசு. நம் வீட்டு உப்பை எடுத்து நமக்கே இட்டுவிட்டுச் செஞ்சோற்றுக்கடன் கேட்கிறார்கள்.

செம்பருத்தி:

எல்லாரும் நல்லாப் பேசுறீங்க. ஒன்று கேட்கிறேன், இதில் எத்தனை பேருக்கு அந்தப் பணம் தேவைப்பட்டிருக்கு? நான் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சங்கத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற மாசத்துக்கு முன்னால் தேர்தல் வந்தால் அந்த கவர்தான் நோட்டுப் புத்தகம், செருப்பு. அவங்களைப் போய் ஏரோது என்றும் கர்ணன் என்றும் சொல்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேல்தெருவில் இருக்கிறவங்க கவர் வாங்குறதில்லை என்று பெருமைப்படுவாங்க, அவங்க அசோசியேஷனுக்கு போர்வெல் மோட்டார் அதே வேட்பாளர்தான் போட்டுக் கொடுத்திருப்பார், அதற்குப் பேர் நன்கொடை.

எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா செய்ததைச் சொல்றேன். சூடத்தட்டை நீட்டினதும், "தம்பி, முதல்ல நீ அணை. இது உழைச்ச காசுதான்னும், மேல இருந்து தலைக்கு எவ்வளவு வந்துச்சோ அதில் பத்து பைசா நீ எடுக்கலன்னும் சொல்லி அணை, அப்புறம் நான் அணைக்கிறேன்" என்று சொல்லிட்டாங்க. அந்தப் பையன் சூடம் எரிஞ்சு முடியிற வரைக்கும் அப்படியே நின்னான். கூட வந்தவங்க கூப்பிட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டான். கவர் கொடுத்தானா என்று கேட்காதீங்க, கொடுத்துட்டுத்தான் போனான்!

பழையபூத்ஏஜென்ட்:

அக்கா, அந்தப் பையன் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. நடுவில் கழிக்காமல் எந்தக் கவரும் வீட்டுக்கு வராது. சத்தியத்துக்கு ரொம்பப் பயப்படுகிறவர்கள் பணம் விநியோகிக்கிறவர்கள்தான், அவர்களிடம் மட்டும் ஒருவரும் சூடம் கேட்பதில்லை.

கறுப்புச்சட்டை:

அந்த அக்காவுக்கு ஒரு சல்யூட். பெரியார் திடல்காரன் நானே அந்தச் சூடத்துக்கு ஆதரவு தெரிவிக்கிறேன்.

கோர்ட்டுவாசல்:

சட்டத்தில் இது இருக்கிறதா என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது, அதுவும் நீங்கள் நினைக்கிறதைவிடப் பழையது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1920 இல் தேர்தல் குற்றங்களுக்கென்று ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள். வாக்காளரையோ வேட்பாளரையோ தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்ப வைப்பதும், அப்படி நம்ப வைக்க முயல்வதும் தகாத செல்வாக்கு என்று அதிலேயே போட்டிருந்தார்கள். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(2) அதையே ஊழல் நடவடிக்கை என்று சேர்த்துக்கொண்டது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 171 ஆவது பிரிவு. லஞ்சத்துக்கு 170. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்குபவருக்கும் அதே பிரிவுதான், இது பலருக்குத் தெரியாது.

மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது 123(3). அதில் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்று பிரிந்து, வேட்பாளரின் மதத்தைச் சொன்னாலும் வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் தப்புதான் என்றது. டிவியில் விவாதம் எல்லாம் இதைச் சுற்றியே நடக்கும். சூடத்தட்டு பற்றி ஒரு விவாதமும் நடக்காது, ஏனென்றால் அதில் எல்லாக் கட்சிக்கும் பங்கு.

சித்திரைவெயில்:

செம்பருத்தி அக்காவுக்கு: நோட்டுப் புத்தகம் வாங்கின பெண்ணை நான் குற்றம் சொல்லவில்லை, சித்தியையும் சொல்லவில்லை. பசிக்கிறவர் கையில் கவரையும் அவர் கும்பிடுகிற சாமியையும் சேர்த்துத் திணிக்கிறவன் செய்வது பெரிய பாவம் என்கிறேன். இல்லாதவர் கையில் மிச்சம் இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான், அதையும் அடகு வாங்கிக்கொள்கிறான்.

மோட்டார் பற்றிச் சொன்னது எனக்கும் பட்டது. எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தேர்தல் வருஷத்தில் மட்டும் நன்கொடை குவிந்தது. கல்வெட்டில் பெயர் வரிசையைப் பார்த்தால் அந்தத் தேர்தலில் யார் யார் நின்றார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். மாதா கோயில் கொடிமரம், பள்ளிவாசல் சுற்றுச்சுவர் எல்லாவற்றிலும் இதே கதை இருக்கும் என்று நினைக்கிறேன், உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லுங்கள். கோயில் கமிட்டியே மொத்தமாக கவர் வாங்கிவிட்டால், சித்தியிடம் போய் இது பாவம் என்று யார் எந்த வாயால் சொல்வது?

ஜெபமாலை:

கொடிமரம் இல்லை, ஜெனரேட்டர். மீதி எல்லாம் நீங்கள் சொன்னதேதான்.

மிளகாய்ப்பொடி:

வாங்கின பணத்தை உண்டியலில் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி. சரியா?

சித்திரைவெயில்:

சாமிக்கு கமிஷன் கொடுப்பதா? என்னைக் கேட்டால் கூடாது.

நங்காஞ்சிக்கரை:

எங்களிடமும் அப்படித்தான். ஹராமான காசு பள்ளிவாசலுக்கு வேண்டாம். சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கணும், முடியாவிட்டால் நன்மை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துவிடணும், தர்மம் செய்த கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. திருப்பிக் கொடுக்கப் போனால் என்ன நடக்கும் என்று பூத்ஏஜென்ட் அண்ணன்தான் சொல்லணும்.

பழையபூத்ஏஜென்ட்:

அடிக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள். எதிர்க்கட்சி அதிகமாகக் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ராத்திரி இன்னொரு கவரோடு வருவார்கள்.

கறுப்புச்சட்டை:

கோர்ட்டுவாசல் சார், அந்தத் தட்டை வீடியோ எடுத்தால் கேஸ் நிற்குமா?

கோர்ட்டுவாசல்:

எடுத்தால் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. தேர்தலையே செல்லாததாக்க வேண்டுமானால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடணும், தட்டை நீட்டியது வேட்பாளரின் ஏஜென்ட் அல்லது அவர் சம்மதத்தோடு வந்த ஆள் என்று நிரூபிக்கணும். நடைமுறையில் அங்கேதான் மனு தடுக்கி விழும். தேர்தல் நேரத்தில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் அனுப்பினால் பறக்கும் படை வரும், அதற்குள் தட்டு வேறு தெருவுக்குப் போயிருக்கும். படம் எடுக்கிறவர்கள் தட்டை மட்டும் எடுக்காமல், கையில் பட்டியல் வைத்திருப்பவர் முகமும் பேச்சும் தெளிவாக வருகிற மாதிரி எடுங்கள். சூடம் ஏற்றிய படத்தை வைத்துக்கொண்டு மட்டும் வந்தால், வெள்ளிக்கிழமை பூஜை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.